கிரி வரட்டும், பாடத்தைத் தொடங்கலாம்!

துங்கை நதிக்கரையில் மெள்ளப் பொழுது விடிகிறது. சிருங்கேரியில், ஸ்ரீஆதிசங்கரரின் முன்னிலையில் சீடர்கள் கூடிவிட்டார்கள். சாந்தி பாடம் சொல்லி அன்றைய பாடத்தை ஆரம்பிக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால், ஆசார்யர் மௌனமாக அமர்ந்திருக்கிறார்.

சீடர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். எதற்காகத் தாமதம்?

'கிரி வரட்டும்' என்கிறார் ஆசார்யர்.

யார் இந்தக் கிரி? குருவுக்குத் தொண்டு செய்வதே கதி என்று இருந்த சீடர். ஆசார்யரின் வஸ்திரங்களைத் துவைப்பார். அவர் நின்றால் நிற்பார். நடந்தால் நிழல்போலப் பின்னால் நடப்பார். சாஸ்திர விசாரம் என்று வந்துவிட்டால் மட்டும் வாய் திறக்க மாட்டார். 'இவருக்குப் பாடம் ஏறாது' என்பது கூடப் படித்தவர்கள் கட்டிய முடிவு. அன்றைக்கும் துணி துவைக்க ஆற்றுக்குப் போயிருந்தார்.

பத்மபாதருக்குப் பொறுக்கவில்லை. எதிரே இருந்த சுவரைக் காட்டி, 'இதற்குச் சொல்வதும் கிரிக்குச் சொல்வதும் ஒன்றுதானே' என்பதுபோலக் குறிப்புக் காட்டிவிட்டார். பத்மபாதர் லேசுப்பட்டவர் அல்ல. குரு அழைத்த மாத்திரத்தில் ஆற்று நீரின் மேலேயே நடந்து வந்தவர். அவர் அடிவைத்த இடமெல்லாம் தாமரை மலர்ந்து தாங்கியது என்பார்கள். அப்பேர்ப்பட்டவருக்கும் பக்கத்திலேயே இருந்த கிரியின் அருமை தெரியாமல் போயிற்று!

பிறகு நடந்ததைச் சங்கர விஜயம் விவரிக்கிறது. குருவருள் பொழிய, தோடகம் எனும் விருத்தத்தில் குருவைத் துதித்தபடியே வந்து நின்றார் கிரி. அன்று முதல் தோடகாசார்யர் ஆனார். வடக்கே ஜோதிர் மடத்தின் முதல் பீடாதிபதியாகவும் அமர்ந்தார்.

உபன்யாசங்களில் இந்த இடத்தில்தான் கூட்டம் மெய்சிலிர்க்கும். 'மந்தம் என்று நினைத்தவர் மகா பண்டிதராக அல்லவா இருந்திருக்கிறார்!' என்று வியந்துகொண்டே வீட்டுக்குப் போய்விடுவோம். ஆனால், கதையில் சற்றே பின்னால் போய் நின்று பாருங்கள். ஆசார்யர் காத்திருந்தாரே, அந்த நேரத்தில் கிரி ஒரு ஸ்லோகம்கூடப் பாடியிருக்கவில்லை. ஈரத் துணியோடு ஆற்றங்கரையில் நின்றிருந்தார். அந்தக் கிரிக்காகத்தான் பாடம் காத்திருந்தது!

'ஆசார்யருக்கு எல்லாம் முன்பே தெரியுமே' என்று நீங்கள் கேட்கலாம். இருக்கட்டும். அங்கே கூடியிருந்தவர்களுக்கு ஆசார்யர் நடத்திய முதல் பாடம், அந்தக் காத்திருப்புதான் இல்லையா? 'இவன் கெட்டிக்காரன், அதனால் காத்திருக்கிறேன்' என்று அவர் சொல்லவில்லை. 'இவனும் என் சீடன். இவன் வராமல் வகுப்பு நிறையாது' என்பதுதான் அந்த மௌனத்தின் பொருள்.

நம் வீட்டுக் கிரிகள்

கிரியைப் போல, 'இவருக்கு ஏறாது' என்று நாமாக முடிவு கட்டி ஒதுக்கிவைத்திருக்கும் பிள்ளைகள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். புரிந்துகொள்வதிலும், கற்றுக்கொள்வதிலும், அன்றாட வேலைகளைத் தாமாகச் செய்துகொள்வதிலும் மற்றவர்களைவிடக் கூடுதல் நேரமும் துணையும் தேவைப்படுகிறவர்கள். 'மனவளர்ச்சி குன்றியவர்' என்று முன்பு சொன்னோம். 'அறிவுசார் மாற்றுத்திறனாளிகள்' என்று இப்போது சொல்கிறோம். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், நாடு முழுவதும் இப்படிப் பதிவானவர்கள் சுமார் 15 லட்சம் பேர். கணக்கெடுக்க வந்தவரிடம் சொல்லாமல் மறைத்த வீடுகளும் இருக்கத்தானே செய்யும்?

இதை மனநோயோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. திருச்சிக்கு அருகே குணசீலம் ஸ்ரீபிரசன்ன வேங்கடாசலபதி சந்நிதிக்கு, மனநிலை பாதித்தவர்களை அழைத்து வந்து ஒரு மண்டல காலம் தங்கவைத்து வேண்டிக்கொள்வார்கள். அது வேறு; இது வேறு. மனநோய் எந்த வயதிலும் வரலாம். உரிய சிகிச்சையும் உண்டு. அறிவுசார் குறைபாடு பிறவியிலோ, வளரும் பருவத்திலோ ஏற்படுவது. எழுத்துக்கூட்டிப் படிப்பதில் மட்டும் சிரமப்படும் 'டிஸ்லெக்ஸியா' போன்ற கற்றல் குறைபாடும் வேறு வகைதான்.

காரணம் என்ன? டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு 21-வது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும். தாய்க்கு அயோடின் சத்து போதாமல் போவது, பிரசவத்தின்போது குழந்தைக்குப் பிராணவாயு தடைப்படுவது, மூளையைத் தாக்கும் தொற்று என்று வேறு காரணங்களும் உண்டு. பல பேருக்குக் காரணமே புலப்படுவதில்லை. பிறவியிலேயே தைராய்டு சுரப்புக் குறைவாக இருந்தால், அதை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து மருந்து கொடுத்துப் பாதிப்பைப் பெருமளவு தடுத்துவிடவும் முடியும். 'கிரகண நேரத்தில் வெளியே வந்தாள். அதனால்தான் பிள்ளை இப்படி' என்று மருமகள் மேல் பழிபோடுகிறார்களே, அதற்கு எந்த ஆதாரமும் கிடையாது.

'என்ன பாவம் செய்தாளோ!'

பிரதோஷ வேளை. நந்தியெம்பெருமானுக்கு அபிஷேகம் நடக்கிறது. மேளமும் மணியோசையும் கேட்டு, கூட்டத்தில் ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு கத்துகிறது. உடனே நூறு தலைகள் திரும்பும். 'இதையெல்லாம் ஏன் கூட்டிக்கொண்டு வர வேண்டும்?' என்று ஒரு குரல். 'போன ஜென்மத்தில் என்ன பாவம் செய்தாளோ!' என்று இன்னொரு குரல். சன்னமாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொல்வார்கள். ஆனால், தாயின் காதில் விழாமல் இருக்குமா? தீபாராதனைக்குக்கூட நிற்காமல் பிள்ளையை இழுத்துக்கொண்டு வெளியேறுவாள். அடுத்த பிரதோஷத்துக்கு வர மாட்டாள். அப்புறம், கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிடுவாள்.

கர்மவினையை நம்புகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். அடுத்தவர் வினைக் கணக்கைப் படிக்கிற அதிகாரத்தை நமக்கு யார் கொடுத்தார்கள்? அந்த ஏடு நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது நம்முடைய ஏடு மட்டும்தான். அழுதுகொண்டு வெளியேறிய அந்தத் தாயைப் பற்றி நாம் சொன்ன வார்த்தை, அதில் இன்றைய தேதியில் பதிவாகிவிடுகிறது. கர்மாவைப் பற்றிய பயம் வர வேண்டியது நமக்குத்தான், அவளுக்கு இல்லை!

இன்னொரு பக்கம், 'இவர்கள் தெய்வக் குழந்தைகள்' என்று கன்னத்தில் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. நல்ல மனசுதான். ஆனால், முப்பது வயது ஆனவரையும் 'குழந்தை' என்றே சொல்லி, அவருக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு வார்த்தை கேட்காமல் விடுகிறோமே, அது சரியா? 'தெய்வக் குழந்தை' என்று வாய் சொல்கிறது. தெய்வத்தின் சந்நிதியில் நிற்க அவருக்கு இடம் விட மனசு வருவதில்லை. இதுதான் அந்தப் பெற்றோரை அதிகம் வாட்டுகிறது.

பேச்சு வராத பிள்ளைக்காகத் திருச்செந்தூர் முருகனிடம் வேண்டிக்கொள்பவர்கள் பலர். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசவில்லை. செந்திலாண்டவன் அருளால் பேசி, கந்தர் கலிவெண்பா பாடினார் என்பது வரலாறு. வேண்டுதல் இருக்கட்டும், பேச்சுப் பயிற்சிக்கும் தவறாமல் அழைத்துப் போகட்டும். ஆனால், ஒன்றை மறக்க வேண்டாம். பேசாத அந்த ஐந்து வருடமும் குமரகுருபரர் அந்த வீட்டுப் பிள்ளைதானே! பிரார்த்தனை பலித்த பிறகுதான் சேர்த்துக்கொள்வோம் என்று எந்தப் பிள்ளையையும் வாசலில் நிறுத்தி வைக்க முடியாது.

தண்டியடிகள் கட்டிய கயிறு

'எல்லோரும் சமம்' என்றால், எல்லோருக்கும் ஒரேமாதிரி செய்வது என்று பொருளா? திருவாரூருக்கு வாருங்கள், தண்டியடிகள் நாயனார் பதில் சொல்வார்.

பிறவியிலேயே பார்வை இல்லாதவர் அவர். தியாகேசர் கோயிலை வலம்வந்து, ஐந்தெழுத்தை ஓதுவதே அவர் வாழ்க்கை. கோயிலுக்கு மேற்கே இருக்கும் கமலாலயக் குளம் தூர்ந்து குறுகிப்போனதை அறிந்தபோது, அதைத் தோண்டி விரிவாக்கும் பணியைத் தாமே செய்வது என்று தீர்மானித்தார். பார்வை இல்லாதவர் குளம் வெட்டுவதா? எப்படி?

குளத்துக்குள் ஒரு கம்பு நட்டார். கரையில் ஒரு கம்பு நட்டார். இரண்டுக்கும் நடுவே கயிற்றைக் கட்டினார். உள்ளே மண்ணை வெட்டிக் கூடையில் நிரப்பி, கயிற்றைத் தடவிக்கொண்டே கரைக்கு வந்து கொட்டுவார். திரும்பவும் கயிற்றைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்குவார். சேக்கிழார் பெருமான் இதைப் பெரிய புராணத்தில் விவரிக்கும்போது, நமக்கும் அந்தக் குளக்கரையில் நிற்பதுபோலவே தோன்றும்.

பார்வை உள்ளவருக்கு அந்தக் கயிறு தேவை இல்லை. தண்டியடிகளுக்குத் தேவை. கயிறு கட்டிக் கொடுப்பது சலுகை ஆகாது. அது இருந்தால்தான் அவரும் மற்றவர்களைப்போலத் திருப்பணி செய்ய முடியும். அதேசமயம், 'நீங்கள் உட்காருங்கள், உங்களுக்காக நாங்கள் வெட்டுகிறோம்' என்று மண்வெட்டியை வாங்கிக்கொள்வதும் சரி ஆகாது. பணி அவருடையது, கயிறு மட்டுமே துணை. அவரை எதிர்த்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பழித்ததோடு நிற்காமல், மண்வெட்டியையும் கூடையையும் பறித்துக்கொண்டு, நட்டிருந்த கம்புகளையும் பிடுங்கிப் போட்டார்கள். துணையைப் பறித்துவிட்டால் மனிதர் முடங்கிப்போவார் என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது!

பின்னர் ஆரூரான் அருளால் அடிகளுக்குப் பார்வை கிடைத்தது. ஆனால், பார்வை கிடைத்ததால் அவர் நாயனார் ஆகவில்லை. கயிற்றைத் தடவிக்கொண்டு நடந்த நாள்களிலேயே அவர் நாயனார்தான்.

நம் வீட்டுக் கிரிகளுக்கும் இப்படி ஒரு கயிறு தேவைப்படுகிறது. ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பது ஒரு கயிறு. படம் வரைந்து காட்டுவது ஒரு கயிறு. கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும் வரை நாம் வாய் திறக்காமல் இருப்பதும் ஒரு கயிறுதான். சட்டைப் பொத்தானைப் போட ஒருவருக்குப் பத்து நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். அவசரத்தில் நாமே போட்டுவிட்டால் ஒன்பது நிமிடம் மிச்சம். ஆனால், பொத்தான் போடும் பணியை அவரிடமிருந்து பறித்துவிட்டோம்.

'எனக்குப் பிறகு யார்?'

இந்தப் பெற்றோர் சந்நிதியில் நின்று கேட்கும் வேண்டுதல் விநோதமானது. 'நீண்ட ஆயுளைக் கொடு' என்று பிள்ளைக்காக வேண்டுவது உலக வழக்கம். இவர்களோ தங்களுக்காக அதைக் கேட்கிறார்கள். 'எனக்கு முன்னாடி அவனை அழைச்சுக்கோ' என்று மனம் வெந்து சொல்லிவிட்டு, அப்படிச் சொன்னதற்காக அழுகிறவர்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான். 'எனக்குப் பிறகு யார்?'

ஸ்ரீமத் பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தம் இந்தக் கேள்வியைக் கண்ணெதிரே நிறுத்துகிறது. ஜடபரதர் கதை. உள்ளுக்குள் ஞானி, பற்றுகளுக்குப் பயந்து, வெளியே ஒன்றும் அறியாதவரைப்போல இருந்தார். தந்தைக்கு இது தெரியாது. பிள்ளைக்குப் பாடம் ஏறவே இல்லை. ஆனாலும், மாதக்கணக்கில் உட்கார்த்திவைத்து, அன்பு குறையாமல் காயத்ரி மந்திரத்தைச் சொல்லிக்கொடுத்தார் அந்தத் தந்தை.

தந்தை காலமானார். அண்ணன்மார்கள் வேதம் படித்தவர்கள்தான். 'இவனுக்குச் சொல்லிக்கொடுத்துப் பயன் இல்லை' என்று கைகழுவினார்கள், வயல்வேலைக்கு அனுப்பினார்கள். சாப்பாடு? நொய்யும், பிண்ணாக்கும், உமியும், புழுத்த தானியமும், பானையில் ஒட்டிய காந்தலும்! கேட்க ஆள் இல்லாதவர்தானே என்று கூப்பிட்டவர்களெல்லாம் வேலை வாங்கினார்கள். திருடர் கூட்டம் ஒன்று, அவரைக் காளிக்குப் பலி கொடுக்கவே பிடித்துக்கொண்டு போனது. பத்ரகாளி சும்மா இருந்தாளா? விக்கிரகத்திலிருந்து வெளிப்பட்டு, பலி கொடுக்க வந்தவர்களையே அழித்தாள். 'யாருக்கும் வேண்டாதவன்' என்று ஊர் நினைத்தவன், அம்பாளுக்கு வேண்டியவனாக இருந்தான்.

பின்னொரு நாள் ரகூகண மன்னனின் பல்லக்கைத் தூக்க அவரைப் பிடித்துப் போட்டார்கள். எறும்பை மிதித்துவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்து அடிவைத்ததால் பல்லக்கு ஆடியது. மன்னன் கேலி செய்தான். அவர் நிதானமாகச் சொன்ன பதிலைக் கேட்டதும், மன்னன் பல்லக்கிலிருந்து இறங்கி அவர் காலில் விழுந்தான்.

இங்கேயும் நாம் ஏமாந்துவிடக் கூடாது. ஜடபரதர் ஞானியாக இருந்ததால்தான் அவருக்குப் புழுத்த தானியம் போட்டது தவறு என்று ஆகுமா? ஞானம் ஏதும் இல்லாத, உண்மையிலேயே ஒன்றும் புரியாத பிள்ளைக்குப் போட்டிருந்தால் சரியா? எந்தப் பிள்ளைக்குப் போட்டாலும் தவறுதான். ஒருவரைச் சமமாக நடத்துவதற்கு, அவருக்குள் ஒரு மகான் ஒளிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. அவரும் ஒரு மனிதர் என்பது போதும்.

பெற்றோரின் அந்தக் கேள்விக்கு நாட்டின் சட்டமும் வழி சொல்கிறது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் முதலியவை உள்ளவர்களுக்கு, 18 வயதுக்குப் பிறகு சட்டப்படி பாதுகாவலரை நியமித்துக்கொள்ளலாம். மாவட்ட அளவிலான குழு இதைக் கவனிக்கிறது. 'நிராமயா' என்ற மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் இந்தச் சட்டத்தின் கீழ் வந்ததுதான். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, அவர்கள் எல்லோருக்கும் சமத்துவமும் கண்ணியமும் உரிமை என்கிறது. பாதுகாவலர் என்பவர் தன்னிஷ்டத்துக்கு முடிவெடுப்பவராக இருக்கக் கூடாது. உரியவரோடு கலந்து, பரஸ்பர நம்பிக்கையோடு முடிவெடுக்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தின் நோக்கம். தண்டியடிகளின் கயிறு நினைவுக்கு வருகிறதா?

ஆனால், சட்டம் பாதுகாவலரைத்தான் கொடுக்கும். சித்தி, சித்தப்பா, பக்கத்து வீட்டு மாமி, கோயில் குருக்கள், பால்காரர் என்று பெயர் சொல்லிக் கூப்பிடும் பத்துப் பேரைச் சட்டத்தால் கொடுக்க முடியாது. அவர்களை இன்றைக்கே, பெற்றோர் இருக்கும்போதே சம்பாதிக்க வேண்டும். அதற்குக் கோயிலைவிட நல்ல இடம் எது?

கோயிலில் நாம் செய்ய வேண்டியது

பெற்றோருக்கு: கூட்டம் இல்லாத நாளில், சாயங்காலம் சந்நிதி அமைதியாக இருக்கும் வேளையில் அழைத்து வந்து பழக்குங்கள். முதல் நாள் கோபுர வாசல் வரை போதும். மறுநாள் கொடிமரம். அப்புறம் சந்நிதி. மேளச் சத்தம் பயமுறுத்தினால், சற்றுத் தள்ளி நிற்பதில் தப்பே இல்லை. எங்கே போகிறோம், என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். படமாகக் காட்டினால் இன்னும் நல்லது.

அர்ச்சகர்களுக்கு ஒரு விண்ணப்பம்: சங்கல்பத்துக்கு அவர் பெயரை அவரிடமே கேளுங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால் அம்மா சொல்லட்டும். ஆனால், முதலில் அவர் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். விபூதி, குங்குமத்தை அவர் கையிலேயே கொடுங்கள். கொஞ்சம் சிந்தினால் சிந்தட்டும். கண்ணப்பர் வாயில் கொண்டு வந்த நீரை அபிஷேகமாக ஏற்றுக்கொண்ட காளத்திநாதர், சிந்திய விபூதிக்காகவா கோபித்துக்கொள்ளப் போகிறார்?

நமக்கு: வெறித்துப் பார்க்க வேண்டாம். 'ஐயோ பாவம்' வேண்டாம். கேட்காமல் தொட்டு ஆசீர்வாதம் பண்ணுவதும் வேண்டாம். பிள்ளை கத்தினால், அந்தத் தாயிடம் 'பரவாயில்லம்மா, நிதானமா தரிசனம் பண்ணுங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதுவும் ஓர் அர்ச்சனைதான்.

உழவாரப் பணிக் குழுவினருக்கு: அடுத்த முறை இவர்களில் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அகல் விளக்குகளைத் துடைத்து அடுக்குவது, பூக்களைத் தரம் பிரிப்பது, பிரசாதத் தொன்னைகளை எடுத்துக்கொடுப்பது என்று எத்தனையோ வேலைகள். பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால், ஒரே வேலையை அலுக்காமல் அக்கறையோடு செய்பவர்கள் இவர்களில் பலர் உண்டு. வேலை முடிந்ததும், தனியாக உட்காரவைக்காமல் பந்தியில் உங்கள் பக்கத்தில் இலை போடுங்கள். புழுத்த தானியம் போட்ட வழக்கத்துக்கு அதுதான் பரிகாரம்!

தண்டியடிகள் வாழ்ந்த திருவாரூரில்தான் புகழ்பெற்ற ஆழித்தேர் ஓடுகிறது. தேர் வடத்தைப் பிடிக்கிற கைகளில் எந்தக் கைக்கு எவ்வளவு பலம் என்று அங்கே யாராவது அளந்து பார்க்கிறார்களா? இல்லை. எல்லாக் கைகளும் சேர்ந்தே தேரை நிலைக்குக் கொண்டு வருகின்றன. அடுத்த முறை உங்கள் ஊர்க் கோயிலில் சின்னத் தேரோ சப்பரமோ புறப்படும்போது, வீட்டுக்குள்ளேயே இருக்கும் அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு குரல் கொடுங்கள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வர நேரம் ஆகும். ஆகட்டும், கொஞ்சம் காத்திருங்கள். ஆசார்யரே காத்திருந்தார், நாம் காத்திருக்கக் கூடாதா?